எதிர்த்திசையில் நடந்த அத்தை

எந்தக் கோபுரத்தை யார் கட்டினார், எந்த ஆண்டில் என்பதெல்லாம் எங்கள் திருவண்ணாமலையில் எழுதப்பட்டிருக்கிறது. கிரிவலப் பாதையில் அத்தை பார்த்த பிரசவத்தை யாரும் எழுதவில்லை. அது சித்ரா பௌர்ணமியா, வைகாசிப் பௌர்ணமியா என்றே வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது. என் மூன்றாம் வகுப்பு முழுப் பரீட்சை அப்போதுதான் முடிந்திருந்தது. ஆகவே சித்திரை என்பது என் கட்சி.

வெயில் தாழ்ந்ததும் அப்பா, அம்மா, அத்தை, நான் நால்வரும் கிரிவலம் புறப்பட்டோம். அப்பாவின் அக்காவான அத்தைதான் எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர். உறவினர்கள் கல்யாண வீட்டில்கூட அவரிடம் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள்.

நிருதி லிங்கத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒருவர் ஓடிவந்தார்.

"டாக்டர் யாராச்சும் இருக்கீங்களா?"

வெள்ளரிப்பிஞ்சு விற்க வந்த கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணுக்குப் பாதையோரமே பிரசவ வலி; கூட்டத்தில் ஆம்புலன்ஸ் நகரவில்லை. அத்தை கையைத் தூக்கினார். வந்தவரோ அப்பாவிடம், "சீக்கிரம் வாங்க சார்" என்றார்.

"நான் பேங்க்ல இருக்கேங்க. டாக்டர் இவங்க."

அத்தை அதற்குள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார். அம்மா பதறினார். "அண்ணி, பாதியில திரும்பக் கூடாது! எதிர்ல போனா பாவம்."

"பாவத்த அப்புறம் பாத்துக்கலாம். நீயும் வா, கூட ஒரு கை வேணும்."

வலம் வரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனோம். "கண்ணு தெரியல? இந்தப் பக்கம் எங்க வர்றீங்க?" என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

"வழி விடுங்க பெரியவரே, கூட்டத்துல இன்னோர் ஆள் சேரப்போவுது" என்றார் அத்தை.

முன்பின் தெரியாத பெண்கள் துப்பட்டாக்களைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். நான் வெளியே, வெள்ளரிக் கூடைக்குப் பக்கத்தில் நின்றேன். "பொறந்துடுச்சு" என்றார் யாரோ. ஆனால் அழுகை கேட்கவில்லை. அத்தையின் குரல் மட்டும் கேட்டது: "அழு கண்ணு, அழு." வாயைத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார், தன் மூச்சையே ஊதினார் என்று அம்மா பின்னர் சொன்னார். அரோகரா சொல்லிப் போனவர்களும் கைகூப்பி நின்றார்கள்.

பிறகு, பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். மறைப்பைப் பிடித்திருந்த பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

தாயையும் பிள்ளையையும் ஆம்புலன்ஸ் வரை தூக்கிச் சென்றார்கள். அத்தை பாதையோரம் உட்கார்ந்தார். யாரோ கொடுத்த டீ அவர் கையில் தளும்பிப் புடவையில் சிந்தியது.

"அண்ணாமலையார் கோவிச்சுக்க மாட்டாரு அத்தை. நான் சொல்லிட்டேன்" என்று தேற்றினேன்.

"சொல்லிட்டியா? அப்ப சரி" என்று என்னை இறுக அணைத்துக்கொண்டார்.

நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. இவ்வளவு படித்தவருக்குச் சாமியிடம் இத்தனை பயமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.