ஓரகத்தி கையில் டார்க் ரெஞ்ச்

புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அந்தக் கிடங்கின் இரும்புச் சட்டங்களில் பாதி போல்ட்டுகளை முறுக்கியவள் மூத்தவள். நட்டைப் பார்த்த மாத்திரத்தில் எந்த ஸ்பேனர் பொருந்தும் என்று சொல்லிவிடுவாள். கை நுழையாத மூலைக்கு ரிங் ஸ்பேனர். இரண்டு தகடுகளின் ஓட்டைகள் நேர்படாமல் முரண்டு பிடித்தால் வால் கூராக இருக்கும் நீள ஸ்பேனர்; வாலை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினால் தகடுகள் வழிக்கு வந்துவிடும். சாரத்தின் மேல் எல்லோருக்கும் அவள் "ஸ்பேனர் அக்கா". அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அந்த மிதப்பில் மண்ணைப் போட்டவள் கொழுந்தனின் மனைவி. அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் மூத்தவளேதான். இளையவளுக்குக் கை பலம் போதாது, ஆனால் நிதானம் உண்டு. கொஞ்ச நாளிலேயே ஃபோர்மேன் டார்க் ரெஞ்சை அவளிடம் கொடுத்துவிட்டார். வைத்த அளவுக்கு இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் போடும் கருவி அது. மற்றவர்கள் முறுக்கியதை அதைக் கொண்டு சோதிப்பது இனி அவள் வேலை. 'டக்' வந்தால் மஞ்சள் கோடு. அதற்கு முன்பே நட்டு நகர்ந்தால் இறுக்கம் போதவில்லை, சிவப்பு வட்டம்.

"சின்னவளுக்கு இப்ப பெரிய பொறுப்பாம்" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்த அன்று, மூத்தவள் பாத்திரத்தைத் தரையில் சற்று ஓங்கியே வைத்தாள்.

"என்ன சத்தம்?" என்றான் கணவன்.

"வழுக்கிடுச்சு."

ஒரு நாள் டீ குடிக்க எல்லோரும் இறங்கினார்கள். ரெஞ்ச் பலகை மேல் தனியாகக் கிடந்தது. மூத்தவள் அதன் பிடியைத் திருகி அளவை ஏற்றிவிட்டாள். ஊரார் போல்ட்டெல்லாம் சிவப்பாகட்டும், எல்லோரும் சேர்ந்து இளையவளை வாங்கு வாங்கென்று வாங்கட்டும் என்பது கணக்கு. அடுத்த வரிசை தன்னுடையது என்பது மட்டும் அந்த ஆத்திரத்தில் மறந்துபோயிற்று.

வரிசை முழுக்க அம்மை போட்டதுபோலச் சிவப்பு வட்டங்கள்.

"என்ன ஸ்பேனர் அக்கா, இன்னைக்குக் கையில வலுவே இல்லையா?" ஃபோர்மேன் கீழேயிருந்து கத்தினார். "எல்லாத்தையும் மறுபடி முறுக்குங்க!"

தான் ஏற்றிவைத்த அந்த அளவுக்கு முறுக்கினால் போல்ட் இழுபட்டுத் தெறித்துவிடும். கீழே ஆட்கள் நிற்கிறார்கள். ஸ்பேனரை எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு இளையவளின் பக்கத்தில் போய், "நம்பரைப் பாரு" என்று முணுமுணுத்தாள்.

இளையவள் பார்த்தாள். "காலையில நான் வெச்சது இது இல்லையேக்கா."

மூத்தவள் தலைக்கு மேலிருந்த உத்தரத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளையவளுக்குப் புரிந்துவிட்டது.

"சார், ரெஞ்ச்ல அளவு மாறியிருக்கு. நான்தான் கவனிக்கலை. திரும்பப் பாக்கறேன்" என்று குரல் கொடுத்தாள். ஃபோர்மேனிடம் நன்றாகத் திட்டு வாங்கினாள். பிறகு அளவைச் சரியாக வைத்து, துணியைப் பெயின்ட் தின்னரில் நனைத்து வட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

தப்பித்தோம் என்று மூத்தவளால் ஆறுதல் படவும் முடியவில்லை. நல்லவள் என்ற பட்டத்தையும் இவளே தட்டிக்கொண்டு போய்விட்டாளே!

பஸ்ஸில், "ஏன் என் பேரைச் சொல்லல?" என்று ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"சொல்லிட்டு, ஒரே அடுப்புல எப்படிக்கா ரெண்டு பேரும் சமைக்கிறது? ஆனா இன்னொரு தடவை அதைத் தொட்டீங்க, சொல்லிடுவேன்."

அடுத்த கட்டடம் தொடங்கியபோது சோதனைக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. "அக்காவுக்குக் குடுங்க" என்றாள் இளையவள். இவள் சிபாரிசில் வரும் வேலை வேண்டவே வேண்டாம் என்று மூத்தவள் நினைத்தாள். அதற்குள் கை நீண்டு ரெஞ்சை வாங்கிக்கொண்டது. வேலையும் சுத்தமாகவே செய்தாள். போல்ட் விஷயத்தில் அதற்குப் பிறகு அவள் யாரையும் ஏமாற்றவில்லை.

ஆனால் சோதனை வேலைக்குப் போன முதல் நாள் ராத்திரி சாப்பாடு முடியும்வரை கணவனிடம் ஒரே புலம்பல்: "எனக்குப் பழசு. அவளுக்கு மட்டும் பெட்டியோட புதுசு குடுத்திருக்காங்க, பாத்தீங்களா?"