வெயிலில் வைத்த புஷ்பராகம்

மச்சானின் வள்ளத்து எஞ்சின் செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எருக்கலம்பிட்டிக் கரையில் வள்ளம் சும்மா கிடந்தது. அலுமாரிக்குள் ஒரு கல் கிடந்தது. அதை விற்றால்தான் எஞ்சின். யுத்தத்தில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் மச்சான் பேருவளையில் ஒரு கல் வியாபாரியிடம் வேலை செய்தவர். விலகும்போது முதலாளி கொடுத்த புஷ்பராகம். தாளில் மடித்து, துணியில் சுற்றி, இத்தனை வருடமும் இருட்டிலேயே இருந்தது. பிரித்தால் மஞ்சள் எரியும். சுற்றியிருப்பவர் முகமெல்லாம் கொஞ்சம் வசதியாகிவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு உப்புக்குளத்திலிருந்து கல் பார்ப்பவர் வருவதாக ஏற்பாடு. கல்லில் உப்புக்காற்றின் பிசுபிசுப்பு ஏறியிருந்தது. இந்தத் தீவில் அலுமாரியில் இருந்து எது வெளியே வந்தாலும் வெயிலில் போடுவோம்: தலையணை, கல்யாணச் சேலை, என் புத்தகங்கள்.

"கழுவி வெயில்ல வைங்கோ லாத்தா, நல்லா மினுங்கும்."

மச்சானின் மனைவியான என் மூத்த சகோதரியிடம் நான்தான் சொன்னேன். வேறு யாருமில்லை. அவள் கண்ணாடிப் பீரிசுத் தட்டில் கல்லை வைத்து, காகத்துக்குப் பயந்து வலை மூடி, தண்ணீர்த் தாங்கியின் மேல் இரண்டு நாள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை இறக்கியபோது பீரிசில் மஞ்சளைக் காணோம். தண்ணீர் உறைந்தாற்போல் ஒரு துண்டு. வலையை உதறிப் பார்த்தேன், நிறம் எங்காவது சிக்கியிருக்கும் என்பதுபோல.

கல் பார்க்க வந்தவர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கல் அசல்தான். நீலம், சிவப்பு, இது எல்லாம் குருந்தம் எண்ட ஒரே சாதிக் கல். இரத்தினபுரி ஆத்துச் சரளையில எடுத்தது. வைரத்துக்கு அடுத்த உறுதி. ஆனா இந்த மஞ்சள் மண்ணில விளைஞ்சதில்ல. ஆரோ கதிர்வீச்சு அடிச்சு ஏத்தியிருக்கினம். இருட்டில நிக்கும், வெயில் பட்டாப் போயிரும்."

"திரும்ப ஏத்தேலாதோ?" என்றேன்.

"ஏத்தலாம். திரும்பவும் போகும். அதை இன்னொருத்தன்ர தலையில கட்டச் சொல்லுறீங்களோ?"

மச்சான் சிரித்தார். "தப்பினது நீங்கள்தான். ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா, இப்ப உங்கட அலுமாரியில இருந்திருக்கும்."

வந்தவரும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். கல்லுக்கு அவர் சொன்ன விலையில் எஞ்சினின் விசிறிகூட வராது.

அவர் போன பிறகு லாத்தா என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். காக வலையை மடித்து வைத்தேன்.

"நாளையிலிருந்து என்ர தம்பிமாரின்ர வள்ளத்தில கூலிக்குப் போறன்," என்றார் மச்சான். "சுபஹுத் தொழுகைக்கு முந்தி எழுப்பிவிடு."

"ஓம்," என்றாள் லாத்தா.