பம்பாயில் ஒன்பது மணி நேரம்

பம்பாய்க்குப் போயிருக்கிறாயா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. போயிருக்கிறேன். முழுதாக ஒன்பது மணி நேரம் இருந்திருக்கிறேன். பார்த்தது ஒரு நாற்காலி வரிசையையும் அம்மாவின் பிடிவாதத்தையும்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. மஸ்கட்டில் வேலை பார்த்த அப்பா எங்கள் இருவருக்கும் மூன்று மாத விசா அனுப்பியிருந்தார். காலையில் பம்பாயில் இறங்கினால் சாயங்காலம்தான் அடுத்த விமானம். அந்த இடைவெளியில் ஊர் சுற்றிக் காட்டுவதாக அங்கே இருந்த மாமா, அம்மாவின் தம்பி, கடிதம் எழுதியிருந்தார். கடல், மாடி பஸ், பிறகு அவர் வீட்டில் சாப்பாடு. கோவில்பட்டியில் என் வகுப்பில் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மாமா லீவு போட்டுவிட்டு விமான நிலைய வாசலிலேயே நின்றார். "என்னலே இப்படி மெலிஞ்சு போயிட்ட" என்று அம்மா அவர் கன்னத்தைத் தடவினாள். அப்புறம் அங்கே கிடந்த நாற்காலி ஒன்றில், பெட்டிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான்.

"டாக்சி நிக்குது, வாக்கா."

"நான் வரலடே. மணியாச்சி மறந்து போச்சா?"

அந்தக் காலத்தில் தூத்துக்குடி போகும் ரயில் பெட்டிகளை மணியாச்சி ஜங்ஷனில் தனியே கழற்றி நிறுத்திவிடுவார்கள். வேறொரு இஞ்சின் வந்து மாட்டி இழுத்துக்கொண்டு போகும். ஒருமுறை தாத்தா டீ குடிக்க இறங்கிய நேரத்தில், சிறுமியாக இருந்த அம்மாவோடு பெட்டி கிளம்பிவிட்டது. அதிலிருந்து வழியில் எங்கும் இறங்குவதென்றாலே அம்மாவுக்கு ஆகாது.

"ஏரோப்ளேன யாரும் கழத்தி மாட்ட மாட்டாங்கக்கா. சாயந்தரம்தான் கிளம்பும்."

"அப்படித்தாம்டே சொல்லுவான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடலையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று கெஞ்சினேன். "தூத்துக்குடில இல்லாத கடலாட்டி இங்கன கெடக்கு?" என்றாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால். மாமாவோ கடலைப் பற்றிப் பேசவே இல்லை. "அவ விடியுமுன்ன எந்திச்சு சமைச்சிருக்காக்கா. ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

'அவ' என்றது அத்தையை. மராத்திக்காரி. மாமா அவளை விரும்பிக் கட்டி இரண்டு வருஷமாகியும் எங்கள் பக்கத்து ஆள் ஒருவரும் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. படி மிதிக்கக் கூடாது, பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று, நாங்கள் கிளம்பிய அன்று தாத்தா தன் தலையில் அடித்து அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அது எனக்குத் தெரிந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மணியாச்சிதான்.

கடைசியில் மாமாவே போய் ஒரு தூக்குச்சட்டி அடுக்கைக் கொண்டுவந்தார். "எனக்குப் பசிக்கல, பிள்ளைக்குப் போடு" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. சப்பாத்தி, உருளைக்கிழங்கு, மாமா சொல்லிக் கொடுத்து வைத்த புளிக்குழம்பு. குழம்பில் வெல்லம் போட்டிருந்தாள் அத்தை. இருந்த ஆத்திரத்தில் மூன்றடுக்கையும் வழித்துத் தின்றேன். ஒவ்வொரு வாயையும் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுக்கைக் குழாயடியில் அவளே கழுவினாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதற்காக, அப்பாவுக்கென்று வாங்கிய கடலைமிட்டாய் அத்தனையையும் இரண்டு அடுக்கில் கொட்டுவாளா? "அது அப்பாவுக்கும்மா" என்றேன். "சும்மா கெடட்டி" என்றாள். அடியடுக்கில், பெட்டியின் அடியிலிருந்து துழாவி எடுத்த புது ரவிக்கைத் துணி, மஞ்சள் கிழங்கு, ஒரு டஜன் கண்ணாடி வளையல். எடை கூடுகிறதென்று என் பொம்மையை ஊரிலேயே எடுத்து வைத்தவள், மஸ்கட்டுக்கு எதற்கு இதையெல்லாம் சுமந்து வந்தாள்?

"அவட்ட குடுத்துருடே" என்றாள், மாமா முகத்தைப் பார்க்காமல்.

உள்ளே போகும் வாசலில் நின்று நான் திரும்பிப் பார்த்தேன். மாமா அடியடுக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பம்பாய்க்கு வந்தும் கடலைப் பார்க்காமல் போகிறவள் நான். இவர் எதற்கு அழுகிறார்?