மட்டக்குளிப் பிள்ளைகளின் மூச்சுக் கணக்கு

யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த 2007இல், நாற்பது வயது கடந்த பிறகு, மேபல் ஒரு புதிய பாடம் படிக்க வேண்டி வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஆய்வு நிலையத்தில் அவள் கள உத்தியோகத்தர். மட்டக்குளித் தொடர்மாடிகளில் இழுப்பு வருத்தம் உள்ள பிள்ளைகளைத் தேடிப் போய், ஒரு குழாயில் ஊத வைத்து, மூச்சின் பலத்தை அளந்து எழுதுவது வேலை. தொழிற்சாலைப் புகைதான் காரணம் என்று கணக்குக் காட்டிவிட்டால் அங்கேயே பிள்ளைகளுக்கு ஒரு கிளினிக் திறக்க வைக்கலாம் என்று நிலையத் தலைவர் டொக்டர் சவுந்தரநாயகம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கை நம்பி மேபல் இரண்டு வருடம் படியேறி இறங்கினாள்.

பாடத்தின் பெயர் தரவு முகாமைத்துவம். தரவுக்கும் ஒரு வாழ்க்கை வட்டம் உண்டாம். திட்டமிட வேண்டும், திரட்ட வேண்டும், துப்புரவாக்க வேண்டும், பத்திரப்படுத்த வேண்டும், பகிர வேண்டும், காலம் முடிந்தால் முறைப்படி அழிக்கவும் வேண்டும். இந்த ஊரில் மனுசருக்கே ஒழுங்கான வாழ்க்கை இல்லை, கடதாசிக்கு வந்திருக்கிறதாக்கும் என்று மேபல் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். ஆனாலும் கெட்டிக்காரி. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தாள்.

அந்த ஒன்று இதுதான்: தாளில் பிள்ளையின் பெயர் இருக்கக்கூடாது, இலக்கம் மட்டும் இருக்க வேண்டும், எந்த இலக்கம் யார் என்பது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் இராமலெட்சுமி என்ற தாயின் வீட்டில், உங்கள் மகனுக்கு இன்ன இலக்கம் என்று சொன்னதும் அவள் முகம் கறுத்துவிட்டது.

"பேரையே எழுதிக்கங்க மிஸ். போன மாசம் ஆமிக்காரங்க எங்கள லொறியில ஏத்துறப்பவும் நம்பர்தான் போட்டாங்க."

அதற்குப் பிறகு மேபலுக்கு இலக்கம் போட மனம் வரவில்லை. எல்லாத் தாளிலும் பெயரையே எழுதினாள். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தாள். தாளில் இன்னொரு கேள்வியும் இருந்தது: பிள்ளை இதற்கு முன் எந்த ஊர்க் காற்றைச் சுவாசித்தது? பொலிஸ் பதிவில் வவுனியா என்று சொல்லி வைத்திருந்த தாய்மார்கூட, பிள்ளையின் நன்மைக்கென்று, புலிகளின் பிடியில் இருந்த வன்னிக்குள் தங்கள் சொந்த ஊரை அவளிடம் சொன்னார்கள்.

பிறகு நிலையத்துக் கொம்பியூட்டர் செத்தது. பிரதி எடுத்து வைத்ததாக நினைத்த சீடியைப் போட்டால் அது வெறும் தட்டு. தாள்கள் இருந்தால் போதும், திரும்ப அடித்து ஏற்றலாம் என்று டொக்டர் அவளைத் தேற்றினார். இரவல் கொம்பியூட்டர் ஒன்றோடு தாள் மூட்டையும் கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டுக்கு வந்தது. இப்போது அந்தக் கணக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அவளுடைய அலுமாரி.

அடுத்த ஞாயிறு விடியற்காலை ஒழுங்கையின் இரண்டு முனையிலும் ஆமி ட்றக் நின்றது. ரவுண்டப், வீடு வீடாகச் சோதிக்கும் சுற்றிவளைப்பு, என்றால் தமிழ் வீடுகளில் யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதிய கடதாசி எது இருந்தாலும் இல்லாமற் போக வேண்டும். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அவள் புருசன் றேமண்ட் மேல் தாளை எடுத்துப் பார்த்தான்.

"இதில ஆக்களின்ர உண்மையான ஊர் கிடக்கு மேபல். எங்களக் கொண்டுபோனா எப்பிடியும் வருவம். இந்தச் சனங்களக் கொண்டுபோனா திரும்பி வராதுகள்."

பெயரை மட்டும் கிழித்தெடுக்கலாமா என்று பார்த்தாள். ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் பெயர். அவளே எழுதியது. எரித்தால் புகை தெரியும். குளியலறை வாளியில் தண்ணீரை நிறைத்து இருவரும் தாள்களை அமிழ்த்திப் பிசைந்தார்கள். தண்ணீர் நீலமாகியது. மேபல் அழுதுகொண்டே பிசைந்தாள், நிறுத்தவில்லை.

வந்த ஆமிக்காரன் சின்னப் பொடியன். அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் பார்த்தான். "ஹரி, அக்கே" என்றான், சரி அக்கா என்று சிங்களத்தில். அலுமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

டொக்டர் கோபித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.  அவரோ, புகையை நாளைக்கும் அளக்கலாம், போன வருசத்து மூச்சை இனி யார் அளப்பது என்றார். காசும் முடிந்துவிட்டது, ஆய்வையும் மூடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போனாள். காணாமற் போனதைத் தேடித் தருகிற புனிதர்தான். தன் கையாலேயே கரைத்ததை எந்த முகத்தோடு கேட்பது? மெழுகுதிரியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

இராமலெட்சுமியிடம் சொல்லாமல் விடுவது துரோகம் என்று பட்டது. மட்டக்குளிக்குப் போய், தாள்களையெல்லாம் கரைத்துவிட்டேன், உங்கள் பெயரும் ஊரும் இனி எங்கேயும் இல்லை என்று சொன்னாள். மிச்சத்தைச் சொல்வதற்குள் இராமலெட்சுமி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் மிஸ். ஊரு பேரச் சொன்ன நாள்ல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

உள்ளே மகன் இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது. தேத்தண்ணி வைக்க எழுந்தவள் வாசற்படியில் நின்று, சிரித்த முகத்தோடு திரும்பிக் கேட்டாள்.

"அப்ப கிளினிக்க எப்ப மிஸ் தொறப்பாங்க?"