மூன்று பச்சை விளக்கும் ஒரு மாப்பிள்ளைக் கதையும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த வாய்தான் நம் துணை விமானிக்கு இல்லாமல் போயிற்று. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தையற்கடை வைத்திருக்கும் அம்மா, இரண்டு அக்காக்கள், தன் வீட்டைவிட இங்கேயே அதிகம் இருக்கும் சித்தி என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் கடைக்குட்டிக்கு முறை எப்போது வரும்? வருகிற மாதிரி இருக்கும்போது சாப்பாடு முடிந்திருக்கும். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறாள் என்பதே, யூனிபார்ம் துணியைத் தைக்கச் சொல்லி நீட்டியபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா தெருவுக்கே கேட்கும்படி அழுதாள், பிறகு தெருவுக்கே கேட்கும்படி பெருமை பேசினாள்.

ஓட்டுவதில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் தப்பு செய்தால் பட்டென்று சொல்வதுதான் துணை விமானியின் பாதி வேலை. இவளோ "சார்" என்று ஆரம்பிப்பாள். அவர் திரும்பிப் பார்த்ததும் "ஒண்ணுமில்ல சார்" என்று முடித்துவிடுவாள். இரண்டு பரீட்சைப் பயணங்களிலும் இதற்காகவே தேறவில்லை. மூன்றாவதிலும் இப்படியென்றால் வேலை போய்விடும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மூன்றாவதற்குப் பரீட்சை வைக்க வந்தவர் யார் தெரியுமா? 'ரேடியோ' என்று கம்பெனி முழுவதும் கூப்பிடும் கேப்டன். தங்கமான மனிதர், தொழிலில் புலி. ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா! அவரோடு லிஃப்டில் ஏறினால் இறங்க வேண்டிய மாடியைத் தவறவிடாதவர் கிடையாது.

பத்தாயிரம் அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் விமானிகள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசக்கூடாது என்பது விதி. அந்த விதியைப் புதியவர்களுக்கு வகுப்பெடுப்பவரே ரேடியோதான். என்ன பிரயோஜனம்? அன்று அவர் மாப்பிள்ளைக் கதையை ஆரம்பித்தது பன்னிரண்டாயிரம் அடியில். முதன்முதலாக வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, தாழ்ப்பாள் சிக்கிக் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாராம். கதை சூடு பிடித்தபோது விமானம் எட்டாயிரத்துக்கு வந்திருந்தது.

"கதவை உடைக்கலாம்னேன். நேத்துதான் பெயின்ட் அடிச்சது, உடைச்சீங்கன்னா நடக்கிறதே வேறன்னு உங்க அக்கா நிக்கிறா," என்றார். தன் மனைவியை எல்லோருக்கும் அக்காவாக்கிவிடுவது அவர் வழக்கம். "சரின்னு ஏணியைப் போட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, மாப்பிள்ளை துண்டைக் கட்டிக்கிட்டு எனக்கு வணக்கம் வைக்கிறான்!"

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். வாழ்க்கையிலேயே சுகமான பரீட்சை என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று விமானத்தை ஓட்டியவர் அவர். சக்கரத்தை இறக்கு என்று அவர் சொல்ல வேண்டும், அவள் நெம்புகோலை இழுக்க வேண்டும். அவர் அதைச் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து, முன்னால் ஒரு விமானம் போகிறது, வேகத்தைக் குறையுங்கள் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்தது. அவள் பதில் சொன்னாள். அவர் வேகத்தைக் குறைத்தார். விட்ட இடத்துக்குத் திரும்பிய வாய், சக்கரத்துக்குத் திரும்பாமல் ஏணிக்குத் திரும்பிவிட்டது.

ஆயிரம் அடி. சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டால் எரிய வேண்டிய மூன்று பச்சை விளக்குகளை அவள் பார்த்தாள். ஒன்றுகூட எரியவில்லை.

"சார்..."

"இரும்மா, இப்பத்தான் ஏணி வழுக்குது!"

ஒண்ணுமில்ல சார் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பரீட்சை வைப்பவரிடமே தப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனால் பின்னால் அத்தனை பேர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு இவர்களை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"கதையை நிறுத்துங்க சார்! சக்கரம் இறங்கல! மேல ஏத்துங்க!"

வாய்தான் அப்படியே தவிர ரேடியோவின் கை பொன்னான கை. அவள் முடிப்பதற்குள் இயந்திரம் முழங்கி விமானம் மேலே ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றிவந்து இறங்கும்வரை வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. மூன்று பச்சையும் எரிய, விமானம் அலுங்காமல் தரையைத் தொட்டது.

விமானத்தை நிறுத்திய பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ பாஸும்மா. ஆனா நீ எங்க வாயைத் திறந்தேன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. சொன்னா என் மானம் கப்பலேறும்."

"சும்மா நான் நல்லாப் பேசினேன்னு சொல்லிடுங்க சார், போதும்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா? வா."

தலைமை விமானியின் அறையில் ரேடியோ எதையும் மறைக்கவில்லை. ஏணி உட்பட எல்லாவற்றையும் சொன்னார். தலைமை விமானி சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டு, பிறகு கோபத்தை வரவழைத்துக்கொண்டார். ரேடியோ மூன்று மாதம் பரீட்சை வைக்கக்கூடாது, தான் நடத்தும் வகுப்பிலேயே மாணவராக உட்கார வேண்டும் என்று தீர்ப்பானது. பிறகு அவள் பக்கம் திரும்பி, "உன் வேலை உறுதிம்மா. நீ ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? யார் கேட்கப் போகிறார்கள்?

"சொல்லணும் சார். பத்தாயிரத்துலயே அவரை நான் நிறுத்தியிருக்கணும். கதை நல்லா இருந்தது, கேட்டுட்டு இருந்துட்டேன். சக்கரம் எனக்கும்தான் மறந்துபோச்சு. தப்புல பாதி என்னுது."

"அப்ப நீயும் அவர் பக்கத்துலயே வகுப்புல உட்காரு. வேலை உறுதிதான், போ," என்றார் தலைமை விமானி.

வராந்தாவில் ரேடியோ தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, அதான் வேலை உறுதின்னு சொல்லியாச்சே! வாயை மூடிக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"வாயை மூடிக்கிட்டு இருந்ததாலதானே சார் ரெண்டு தடவை ஃபெயிலானேன்?" என்றாள் அவள்.