கள்ளுக்கு ஏற்ற சுருட்டு

“கள்ளோடு எந்தச் சுருட்டு சேரும் என்று ஒரு பெண் விசாரித்து எழுதுவதா?” என்று கேட்டார் எங்கள் சஞ்சிகை ஆசிரியர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போதும், “ஒரு பெண் படிப்பதா?” என்று இப்படித்தான் கேட்டார்கள்.

கல்முனைச் சந்தையில், கருவாட்டுக்கும் வெற்றிலைக்கும் நடுவே ஒரு சுருட்டுக் கடை. சுனாமிக்குப் பிறகு எழுப்பிய சுவர் இன்னும் பூசப்படாமல் நிற்கிறது. கள்ளோடு குடிக்க மலிவான சுருட்டு எது என்று கேட்கிறேன். தொப்பி போட்ட கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“ஆருக்குப் புள்ள? அப்பாக்கா?”

“இல்ல காக்கா, எனக்குத்தான்.” முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“நான் கள்ளத் தொட்டதே இல்ல. ஆனா வாங்க வாறவங்க கதைப்பாங்க. காலைக் கள்ளு இனிப்பாம், அதுக்கு மெல்லிசு. பின்னேரக் கள்ளு புளிப்பாம், அதுக்குக் காரமான தடிச்சது.”

“உண்மையா காக்கா?”

“எனக்கும் அத அறிய ஆசதான். குடிச்சுப் பாக்கச் சொல்லி நான் சொல்லல்ல. பாத்தா, வந்து சொல்லு.”

இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது திருக்கோவில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருக்கிறேன். கள்ளு விற்கும் தவறணை வாசலில் இறக்கிவிடும்படி, பஸ் முழுக்கக் கேட்கும் குரலில், நடத்துனரிடம் சொல்லிவிட்டேன்.