எட்டில் எட்டு

இடுக்கி மாவட்டத்தில் ரயில் கிடையாது. எங்கள் வண்டன்மேட்டு வீட்டின் முன்னறையில், பழைய கதவுப் பலகையை மேஜையாக்கி, அண்ணன் ஒரு சிறிய ரயில்பாதை போட்டிருந்தான். போன மழைக்காலத்தில் மலைப்பாதையில் பைக் சறுக்கி அவன் இறந்துபோனான். பிறகு அந்த மேஜையை யாரும் தொடவில்லை.

விடுமுறைக்கு நான் பாலக்காட்டிலிருந்து வந்தபோது அம்மா சொன்னாள்: "ஒரு தடவை ஓட்டிக் காட்டு. பாத்துட்டுப் பிரிச்சிரலாம். வீட்டுல நடக்க இடமில்ல."

கட்டுப்பாட்டுப் பெட்டியை இயக்கினேன். எஞ்சினின் முன்விளக்கு மினுக்கி அணைந்தது. குமிழைத் திருப்பியதும் வண்டி ஒருமுறை உதறி நின்றுவிட்டது.

இவ்வகை ரயிலில் தண்டவாளம் முழுவதும் எப்போதும் மின்சாரம் இருக்கும். எஞ்சினுக்குள் உள்ள டிகோடர் என்ற நகத்தளவு பலகை, அம்மின்சாரத்தோடு வரும் கட்டளைகளில் தன் எண்ணுக்குரியதை மட்டும் கேட்டு நடக்கும். எப்படிக் கிளம்ப வேண்டும், எப்படி நிற்க வேண்டும் என்று அண்ணன் பல மாலைகள் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பதித்த அளவுகள் அதற்குள்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை.

கட்டப்பனையில் மொபைல் கடை வைத்திருக்கும் அவனுடைய நண்பரை அழைத்தேன்.

"டிகோடர் குழம்பியிருக்கும் தங்கச்சி. அதோட செட்டிங்ஸ்ல எட்டாம் நம்பர்ல எட்டைப் போட்டு விடு, எல்லாம் அழிஞ்சு ரீசெட் ஆயிரும். பொறந்த பிள்ள கணக்கா எந்திரிச்சு ஓடும்."

"அண்ணன் வச்சதெல்லாம்?"

"பொறந்த பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்," என்றார்.

பாலக்காட்டில் நான் படிக்கும் பதிப்பியல் வகுப்பில், பழைய ஏட்டில் பொருள் விளங்காத சொல்லைப் பிழையென்று திருத்தும் முன், குறை நம் வாசிப்பில் உள்ளதா என்று பார்க்கச் சொல்வார்கள். அந்த எட்டைக் கடைசி வழியாக ஒதுக்கி வைத்தேன்.

தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். துணி கறுத்தது, வண்டி முன்போலவே உதறியது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். தண்டவாளம் எங்கும் மின்சாரம் சரியாக இருந்தது. எஞ்சினின் மூடியைக் கழற்றி, மீட்டரின் ஒரு முனையைச் சக்கரத்திலும் மறுமுனையை டிகோடருக்குப் போகும் கம்பியிலும் வைத்தேன். இணைப்பு அறாமல் இருந்தால் மீட்டர் ஒலிக்கும். வலப்பக்கம் ஒலித்தது. இடப்பக்கம் ஒலிக்கவில்லை. கறுப்புக் கம்பியை விரலால் அழுத்தினால் ஒலித்தது, விட்டால் நின்றது. பற்றவைத்த இடம் விட்டுப்போயிருந்தது. டிகோடர் எதையும் மறக்கவில்லை. சொன்னது அதற்குப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அண்ணனின் சால்டரிங் கோலின் முனையில் அவன் கடைசியாக உருக்கிய ஈயம் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே பற்றவைத்தேன்.

வண்டி அதிராமல் நகர்ந்தது. அம்மா ஈரக்கையோடு அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். பிறகு தானே குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"இன்னும் கோளாறாத்தான இருக்கு? நிப்பாட்டிட்டேன், போகுதே."

"கோளாறு இல்லம்மா. கனமான வண்டி சட்டுனு நிக்காதுன்னு அண்ணன் அப்படி வச்சிருக்கான்."

அது வளைவைக் கடந்து, மெல்ல மெல்லத் தளர்ந்து, நிலையத்தருகே நின்றது.

"சாப்பிட வாடான்னா என்னிக்கு உடனே வந்தான்," என்றாள் அம்மா. குமிழை மறுபடி திருப்பினாள். மறுபடி பூஜ்யத்தில் வைத்தாள். சோறு ஆறிப்போகும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

சொன்னபடி மறுநாள் மேஜையைப் பிரித்தோம். எஞ்சின் இப்போது பாலக்காட்டில், விடுதி அலமாரியில், என் துப்பட்டா ஒன்றில் சுற்றி இருக்கிறது. அவன் பதித்தவை எல்லாம் அப்படியே உள்ளே இருக்கின்றன. ஓட்டிப் பார்க்கத் தண்டவாளம் இல்லை.